மல்லிக்கு விதை ஏது? ஒரு செல் இரண்டாகும் கதை

மதுரை மல்லியின் விதையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. உசிலம்பட்டி, செல்லம்பட்டி, திருமங்கலம் பக்கம் மல்லித் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டாலும் அநேகமாக இதே பதில்தான் வரும். குண்டுமல்லி காய்ப்பது மிக அபூர்வம். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் விதை தேடிப் போவதில்லை. வேர் பிடித்த கன்றாக வாங்கி வருகிறார்கள், பெரும்பாலும் ராமேசுவரம் போகிற வழியிலுள்ள தங்கச்சிமடம் பகுதியிலிருந்து. அங்கே மணல்பாங்கான நிலத்தில் குச்சிகளை ஊன்றி, வேர் வந்த பிறகு கட்டுக் கட்டாக அனுப்புகிறார்கள்.

யோசித்தால் இது சாதாரண விஷயமில்லை. அந்தக் குச்சி வேறொரு செடியின் கிளை. அந்தச் செடி அதற்கு முந்தைய ஒரு செடியின் கிளை. ஒரே செடிதான் பல தோட்டங்களில் பல உடம்போடு நிற்கிறது என்று சொன்னாலும் தப்பில்லை. விதை வழியாக வந்திருந்தால் அப்பன் பங்கு பாதி, ஆத்தா பங்கு பாதி என்று கலந்து, செடிக்குச் செடி குணம் மாறியிருக்கும். குச்சி வழியில் கலப்பே கிடையாது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வாசமும் தடித்த இதழும் மாறாமல் வருவதற்கு இந்த மண்ணும் வெயிலும் ஒரு காரணம் என்றால், செல் பிரிவு இன்னொரு காரணம். மைட்டாசிஸ் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான்.

பள்ளியில் அதை நான்கு கட்டப் படமாகப் படித்தோம். புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று மனப்பாடம் செய்து, வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கி மறந்தும் போனோம். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. அந்தப் படங்கள் செல் பிரிவதை மட்டும் காட்டின. பிரிவது கடைசியில் நடக்கிற சின்ன வேலை. அதற்கு முன்னால் டிஎன்ஏ என்ற, பரம்பரைக் குணங்கள் எழுதியிருக்கும் ஒரு நீளமான நூலை நகல் எடுத்து, சிக்கு விழாமல் சுருட்டி, ஒன்று கூடாமல் குறையாமல் எண்ணி வைக்கிற வேலை இருக்கிறது. செல்லின் திறமையெல்லாம் அங்கேதான்.

எவ்வளவு நீளமான நூல்? பூக்காரர் கணக்கிலேயே பார்க்கலாம். முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, சுமார் 45 சென்டிமீட்டர். செல்லில் இந்த நூல் துண்டு துண்டாக இருக்கிறது, ஒரு துண்டுக்குப் பெயர் குரோமோசோம். மல்லியின் செல் ஒன்றில் பொதுவாக 26 குரோமோசோம்கள், அதாவது 13 ஜோடி. ஜோடியில் ஒன்றாக எடுத்து 13 குரோமோசோம்களின் டிஎன்ஏ எழுத்துகளை, அதாவது அந்த நூலில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதி அலகுகளை எண்ணினால் சுமார் 50 கோடி வரும். இரண்டு பங்கும் சேர்ந்தால் 100 கோடி. எழுத்துக்கு எழுத்து இடைவெளி 0.34 நானோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 34 சென்டிமீட்டர். கண்ணுக்கே தெரியாத ஒரு செல்லுக்குள், அதன் உட்கரு என்கிற இன்னும் சின்ன உருண்டைக்குள், முக்கால் முழம் நூல்! நம் உடம்பின் செல்லில் 46 குரோமோசோம்களில் சுமார் 2 மீட்டர், ஏறக்குறைய நாலரை முழம். வெங்காயத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். அதன் ஒரு செல்லில் 10 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஒரு செல்லுக்குள் 20 முழத்துக்கு மேல் என்றால் பாருங்கள். நீளமான டிஎன்ஏ இருப்பதால் வெங்காயம் நம்மைவிட உசத்தி என்று ஆகிவிடாது. அதில் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் ஏராளம்.

இந்த நூலைச் செல் எப்படி அடக்குகிறது என்பதற்கு நல்ல உதாரணம் எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. திருப்பரங்குன்றத்தில் என் அத்தை பூக்கட்டுவார். மதியத்துக்கு மேல் ஈரத்துணியில் மொட்டுகளைக் கொட்டிக்கொண்டு திண்ணையில் உட்காருவார். இடது கை விரல்களுக்கு நடுவே இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, காம்போடு காம்பு சேர்த்து வைப்பார். வலது கை நூலைக் காம்புகள் மேல் ஒரு சுற்று சுற்றி, விரலில் வளையம் போட்டு, மாட்டி இழுக்கும். அடுத்த நான்கு. கை போகிற வேகத்தில் முடிச்சு விழுவதே கண்ணுக்குப் பிடிபடாது.

"ஒரு முழம் கட்ட எவ்வளவு நூல் இழுக்கும் அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெருக்கிக் கட்டுனா மூணு மொழத்துக்கு மேலயே இழுக்கும் சாமி. கலக்கக் கட்டுனா கம்மிதான்."

டிஎன்ஏ அடங்கியிருக்கும் விதம் ஏறக்குறைய அந்தப் பதிலிலேயே இருக்கிறது. நூல் டிஎன்ஏ என்றால், மொட்டுகளின் இடத்தில் இருப்பவை ஹிஸ்டோன் என்ற புரதங்கள். நான்கு வகை ஹிஸ்டோன், வகைக்கு இரண்டாக எட்டு சேர்ந்து ஒரு குட்டி உருளையாகின்றன. அதன் மேல் டிஎன்ஏ ஒன்றரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக, 147 எழுத்து நீளத்துக்குச் சுற்றிக்கொள்கிறது. அப்புறம் சிறிது வெறும் நூல், அடுத்த உருளை, மறுபடி சுற்று. இந்த ஒரு கட்டுக்குப் பெயர் நியூக்ளியோசோம். நம் செல் ஒன்றில் இவை சுமார் 3 கோடி. டிஎன்ஏ எதிர்மின் தன்மை கொண்டது, ஹிஸ்டோன்கள் நேர்மின் தன்மை கொண்டவை. ஆகவே முடிச்சுப் போடாமலேயே ஒட்டிக்கொள்ளும். ஐந்தாவது வகை ஹிஸ்டோன் ஒன்று சுற்றின் வாயில் வந்து அமர்ந்து, நூல் நழுவாமல் பிடித்துக்கொள்கிறது.

1974-ல் இந்த அமைப்பை முன்வைத்தவர் ரோஜர் கோர்ன்பெர்க். அதே ஆண்டில் ஓலின்ஸ் தம்பதியர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படத்தில் மணி கோத்த கயிறு போலவே அது தெரிந்தது. 1997-ல் அணு அணுவாக அதன் வடிவத்தையும் வரைந்துவிட்டார்கள்.

அத்தை சொன்ன நெருக்கக் கட்டும் கலக்கக் கட்டும் செல்லிலும் உண்டு. பயன்படுகிற மரபணுக்கள் இருக்கும் பகுதி தளர்வாகக் கிடக்கும், படிக்க வருகிற புரதங்கள் உள்ளே நுழைய வேண்டுமே! வேண்டாத பகுதி இறுக்கமாகக் கட்டிக் கிடக்கும். ஹிஸ்டோன்களிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வால்களில் அசிட்டைல் என்ற சின்ன வேதிக்குழு ஒட்டினால் பிடி தளர்கிறது, எடுத்தால் இறுகுகிறது. மல்லியின் வேரிலும் இலையிலும் இதழிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். எது எங்கே தளர்ந்திருக்கிறது, எதை எது வந்து படிக்கிறது என்பதில்தான் வேர் வேராகவும் இதழ் இதழாகவும் நிற்கிறது.

இந்த இடத்தில் பாடப்புத்தகப் படம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நியூக்ளியோசோம் சரம் மறுபடி சுருண்டு 30 நானோமீட்டர் தடிமனுள்ள சீரான ஸ்பிரிங் ஆவதாகப் பல புத்தகங்களில் வரைந்திருப்பார்கள். கண்ணாடிக் குழாயில் அப்படிச் செய்து காட்ட முடியும். ஆனால் 2017-ல் மனித செல்லுக்குள்ளேயே பார்த்தபோது அந்த ஸ்பிரிங் தென்படவில்லை; 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறி மாறி வரும் ஒழுங்கற்ற இழைதான் கிடந்தது. பரீட்சைக்கு எழுத வேண்டியதை எழுதுங்கள், மனதில் இதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நூல் எப்போது நகலாகிறது? 19-ஆம் நூற்றாண்டில் வால்டர் ஃபிளெமிங் சாலமாண்டர் என்ற பல்லி போன்ற உயிரியின் குஞ்சுகளின் செல்களுக்குச் சாயம் ஏற்றி, இழைகள் தோன்றி, பிளந்து, இரு பக்கமும் விலகிப் போவதை வரைந்து 1882-ல் புத்தகமாகவே வெளியிட்டுவிட்டார். இழை தெரியாத நேரத்தில் செல் சும்மா இருக்கிறது என்ற எண்ணம் அதற்கப்புறமும் நெடுநாள் நீடித்தது. அதை உடைத்தது அவரைக்காயின் சொந்தக்காரச் செடி ஒன்றின் வேர் நுனி. 1953-ல் லண்டனில் ஆல்மா ஹோவர்ட், ஸ்டீபன் பெல்க் என்ற இருவர் பாகலா எனப்படும் பெரிய பயற்றுச் செடியின் வேருக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கொடுத்துப் பார்த்தார்கள். புது டிஎன்ஏ உருவானால் அந்தப் பாஸ்பரஸ் அதில் போய் ஒட்டும். ஒட்டியது எப்போது என்றால், செல் சும்மா இருப்பதாக நினைத்த அந்த இடைநிலையில், அதிலும் நடுவில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும். அதற்கு எஸ் கட்டம் என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னாலுள்ள இடைவெளி ஜி1, பின்னாலுள்ளது ஜி2, கடைசியில் பிரிகிற எம் கட்டம். இன்றும் உலகம் முழுக்க இந்தப் பெயர்கள்தான்.

24 மணி நேரத்துக்கு ஒருமுறை பிரிகிற மனித செல்லில் ஜி1 சுமார் 11 மணி, எஸ் 8 மணி, ஜி2 4 மணி, எம் வெறும் ஒரு மணி. எஸ் கட்டத்தின் 8 மணி நேரத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நகலெடுக்கிற நொதி நம் செல்லில் நொடிக்குச் சுமார் 50 எழுத்து நகர்கிறது. நம்முடைய முதலாம் குரோமோசோமில் கிட்டத்தட்ட 25 கோடி எழுத்து. ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனை வரை ஒரே ஆளாகப் போனால் ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும். செல் அப்படிச் செய்வதில்லை. பல்லாயிரம் இடங்களில் நூலைத் திறந்து, ஒவ்வொன்றிலிருந்தும் இரு திசையிலும் வேலையை ஓட்டுகிறது. ஒரு வயலில் ஓர் ஆள் நடவு நடுவதற்கும், வரப்புக்கு வரப்பு ஆள் இறக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் ஒருமுறை திறந்த இடத்தை அதே சுற்றில் மறுபடி திறக்கக் கூடாது. திறந்தால் ஒரு பகுதி மட்டும் மூன்று பிரதி ஆகிவிடும். அதற்கான அனுமதிச் சீட்டு மாதிரி சில புரதங்கள் ஜி1-லேயே அந்த இடங்களில் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. வேலை தொடங்கியதும் சீட்டு ரத்து.

நகல் எடுத்ததும் பழைய நூலும் புது நூலும் தனித்தனியாக அலைய விடப்படுவதில்லை. கொஹீசின் என்ற வளையப் புரதம் இரண்டையும் சேர்த்து வளைத்துப் பிடித்துக்கொள்கிறது. எது எதற்கு ஜோடி என்று பிறகு தேட வேண்டியதில்லை. பிரிய வேண்டிய நேரம் நெருங்கும்போது காண்டென்சின் என்ற இன்னொரு புரதம் நூலை வளையம் வளையமாக இழுத்து மடிக்கிறது. நம் முதலாம் குரோமோசோமில் சுமார் 8 சென்டிமீட்டர் நீளமுள்ள டிஎன்ஏ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளத்துக்குச் சுருங்குகிறது. இந்த மூட்டைதான் நாம் குரோமோசோம் என்று வரைகிற அந்த எக்ஸ் வடிவம். பயணத்துக்குக் கட்டிய மூட்டை அது. பயணம் முடிந்ததும் அவிழ்ந்துவிடும்.

அதனால்தான் பிளஸ் டூ ஆய்வகத்தில் வெங்காய வேரைப் பார்த்த பலருக்கு ஏமாற்றம். பாட்டில் வாயில் வெங்காயத்தை வைத்து, அடி மட்டும் தண்ணீரில் படுகிற மாதிரி விட்டால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். காலையில் நுனியை வெட்டி, அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் போட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் லேசாகச் சூடு காட்டி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லுக்கு மேலே மைஒற்றும் தாளை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவோம். நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலான செல்களில் வெறும் சிவப்பு உருண்டை. தேடித் தேடித்தான் ஒரு மெட்டாஃபேஸ் கிடைக்கும். நான் படித்தபோது, சரியாகச் செய்யவில்லை என்று நினைத்து இரண்டு முறை திரும்பச் செய்தேன். சொல்லப்போனால் அந்த ஏமாற்றத்தில்தான் பாடம் இருக்கிறது. ஒரு கட்டத்தில் எத்தனை செல் நிற்கிறது என்பது, அந்தக் கட்டம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதன் கணக்கு. அனாஃபேஸ் அகப்படவே இல்லையென்றால் அது அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று பொருள். வெங்காயத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. குரோமோசோம் 16 மட்டுமே, டிஎன்ஏவோ ஏராளம். ஆகவே ஒவ்வொன்றும் பெரிதாக, எண்ணுவதற்கு வசதியாகத் தெரியும்.

மெட்டாஃபேஸில் மூட்டைகள் எல்லாம் செல்லின் நடுவே வரிசை கட்டி நிற்கும். இரு பக்கமிருந்தும் கதிர்கோல் இழைகள் என்ற புரதக் கயிறுகள் வந்து ஒவ்வொரு நகல் ஜோடியின் இடுப்பையும் பிடித்து இழுக்கும். கொஹீசின் வளையங்கள் இன்னும் அறுபடவில்லை, ஆகவே கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழை விறைப்பாக நிற்கும். அந்த விறைப்புதான் அடையாளம். எந்த ஒரு குரோமோசோமில் பிடி சரியாக விழவில்லையோ, அது "நில்" என்ற சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒன்றே ஒன்று பாக்கி இருந்தாலும் செல் முழுவதும் காத்திருக்கும். கடைசிப் பிடியும் விழுந்ததும் செபரேஸ் என்ற நொதி வளையங்களை வெட்டுகிறது; நகல் ஜோடிகள் பிரிந்து இரு பக்கமும் ஓடுகின்றன, அதுதான் அனாஃபேஸ். விலங்கு செல் அப்புறம் நடுவில் இடுங்கிப் பிரியும். செடியின் செல்லுக்குச் சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் இடுங்க முடியாது. அது நடுவில் புதுச் சுவர் ஒன்றை உள்ளிருந்து வெளிப்பக்கமாக எழுப்பிக்கொள்கிறது.

இந்தக் கதிர்கோல் இழைகளை நிறுத்துகிற மருந்து நம் பக்கத்திலேயே விளைகிறது. ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் பந்தல் கட்டி வளர்க்கும் கண்வலிக்கிழங்கு, அதாவது தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள். அதன் விதையில் உள்ள கோல்ச்சிசின் இழைகளை உருவாக விடாது. மூட்டைகள் கட்டி முடிந்திருக்கும், இழுக்க ஆள் இருக்காது. செல் அப்படியே மெட்டாஃபேஸில் உறைந்து நிற்கும். குரோமோசோமை எண்ணுவதற்கு இதைவிடத் தோதான நேரம் கிடையாது. 1938-ல் ஆல்பர்ட் லெவான் இந்தப் பொருளை வெங்காய வேரில் சோதித்தார். 1956-ல் அவரும் ஜோ ஹின் ட்ஜியோவும் கோல்ச்சிசின் கொடுத்த மனித செல்களை எண்ணி, நமக்கு 46 குரோமோசோம் என்று உறுதி செய்தார்கள். அதுவரை 48 என்றே உலகம் நம்பியிருந்தது. வாசலில் சும்மா பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியில் இருந்து எடுக்கிற வின்கிரிஸ்டினும் இதே இழைகளைத்தான் தாக்குகிறது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அது முக்கியமான மருந்து. இரண்டு செடிகளுமே விஷம். வீட்டு வைத்தியமாகக் கிள்ளிப் போட்டுப் பார்க்கிற காரியம் வேண்டவே வேண்டாம்.

புற்றுநோய் என்று வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. செல்லின் இந்தச் சுழற்சியை முன்னே தள்ளும் புரதங்களான சைக்ளின்களை 1982-ல் கடல் முள்ளெலியின் முட்டைகளில் கண்டவர் டிம் ஹண்ட். ஈஸ்ட்டில் இதே இயக்கத்தைத் துலக்கிய ஹார்ட்வெல், நர்ஸ் இருவரோடு அவருக்கும் 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. தள்ளுகிறவை போலவே நிறுத்துகிறவையும் உண்டு. டிஎன்ஏ சேதமானால் செல்லை நிறுத்துகிற பி53 என்ற புரதம், மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் பழுதாகியிருக்கிறது. செடிகளில் பி53 இல்லை. அதே வேலையை வேறொரு புரதம் பார்க்கிறது.

மைட்டாசிஸுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒவ்வொரு குரோமோசோமும் தன் நகலோடு இருந்தால் போதும், எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டியதில்லை. விதைக்கு வேண்டிய பாலணுக்களை உண்டாக்கும் மியாசிஸ் என்ற பிரிவுக்கு மட்டும் ஜோடிப் பொருத்தம் வேண்டும். நாம் சாப்பிடுகிற வாழையில் பெரும்பாலானவற்றுக்கு 33 குரோமோசோம், மூன்று பதினொன்று. மூன்றை ஜோடியாகப் பிரிக்க முடியாது, ஆகவே ஒழுங்கான விதை பிடிக்காது. பக்கக்கன்று வழியாக மட்டும் காலம் காலமாக வந்துகொண்டிருக்கிறது. சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலையும் விதை போட்டு வருவதில்லை. கொடியை வெட்டித்தான் நடுகிறார்கள்.

நகல் நூறு சதவீதம் சரியாக வருமா என்றால், கிட்டத்தட்ட. எழுதும்போதே ஒருமுறை சரிபார்த்து, எழுதிய பின் இன்னொரு முறை திருத்தி, கடைசியில் தப்புவது 100 கோடி எழுத்துக்கு ஒன்று அல்லது அதைவிடக் குறைவு. மல்லிச் செல்லில் இருப்பதே 100 கோடி எழுத்துதான். ஒரு பிரிவுக்கு ஒரு பிழை என்பது அதிகம் இல்லை. ஆனால் குச்சிக்குக் குச்சி, ஆண்டுக்கு ஆண்டு அது சேரும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. எப்போதாவது ஒரு கிளையில் பூ சிறுத்து வரலாம், அல்லது இன்னும் நெருக்கமாகப் பூக்கலாம். குச்சி எடுக்கிறவர்கள் கண்ட செடியில் வெட்டாமல், நோய் இல்லாமல் நன்றாகப் பூக்கிற செடியாகத் தேடிப் போவது இதனால் எவ்வளவு சரியான பழக்கம் என்று பாருங்கள்.

அந்தக் குச்சியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடியை இண்டோல் பியூட்ரிக் அமிலம் என்ற ஹார்மோன் கரைசலில் நனைத்து மணலில் செருகினால் கொஞ்ச நாளைக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே, பிரிவதை எப்போதோ நிறுத்தி ஓய்ந்திருந்த சில செல்களை அந்த ஹார்மோன் தட்டி எழுப்பியிருக்கும். ஜி1, எஸ், ஜி2 என்று ஒவ்வொன்றாக மறுபடி சுற்றுக்குள் நுழையும். சில வாரம் கழித்து மணலை லேசாக விலக்கினால், வெட்டின வாயோரம் வெள்ளையாக ஒரு நுனி. அந்த நுனிக்குள் 26 இரட்டித்து, இரு பக்கமும் இழுபட்டு, இருபத்தாறு இருபத்தாறாகப் பிரிந்துகொண்டிருக்கிறது.